நனைந்த சாலை, நீண்ட பயணம்: வாசகர் கேள்வி பதில்

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவர்கள் மழை, காற்று, குளிர், வெயில் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்கள் இந்த மாதம் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறேன். இரண்டு கடிதங்களுக்கு மட்டும் விரிவாக எழுத வேண்டியிருந்தது. அவற்றில் கேட்கப்பட்டிருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் ஆறு நாள்களில் 2,400 கி.மீ. பயணம் செய்யத் திட்டமிட்டிருக்கிறேன். அவற்றில் மூன்று நாள்களாவது மழை இருக்கும்போல் தெரிகிறது. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கி நின்றுவிட வேண்டுமா, ஓட்டிக்கொண்டே போகலாமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: மழை என்ற ஒரு காரணத்துக்காகவே பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது மழையன்று, 2,400-ஐ ஆறால் வகுத்து ஒரு நாளைக்கு 400 கி.மீ. என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்குதான். உலர்ந்த சாலையில் 400 கி.மீ. ஓட்டுபவருக்கு மழை நாளில் 270 கி.மீ. போதும், சில நாள்களில் அதுவே அதிகம். அந்தக் குறைவை ஈடுகட்ட ஒரு நாளாவது கையிருப்பில் இல்லையென்றால், பிற்பகல் மூன்று மணிக்கு நனைந்த உடலோடு, இன்னும் 180 கி.மீ. பாக்கி இருக்கிறதே என்ற நினைப்பில் ஆக்சிலரேட்டரை முறுக்குவீர்கள். நான் நேரில் பார்த்த மழைக்கால விழுகைகளில் பெரும்பாலானவை அந்த நினைப்பில்தான் தொடங்கின.

வேகத்துக்கும் நிற்கும் தூரத்துக்கும் உள்ள உறவை ஒரு முறை எண்ணிக்கையாகப் பார்த்துவிடுவது நல்லது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போய்விடுகிறது. அதன் பிறகு நல்ல டயருடன், ஈரத் தார்ச்சாலையில், பதற்றமில்லாமல் பிரேக் பிடிக்கும் ஒருவருக்கு நிற்க ஏறத்தாழ 50 மீட்டர் தேவைப்படும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல். வேகத்தை 60-ஆகக் குறைத்தால் அதே கணக்கு சுமார் 53 மீட்டரில் முடிந்துவிடுகிறது. வேகத்தைக் கால் பங்கு குறைத்ததற்கு, பிரேக் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. ஏனெனில் ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது. மழையில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் எதுவானாலும் அது அதிக வேகம்தான்.

நிற்பதா, போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் அரை மணி நேரம் ஒதுங்கி நிற்கத் தகுந்தது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெய்ச் சிந்தலும் ரப்பர்த் தூளும் மண்ணும் முதல் தூறலில் குழைந்து வழவழப்பாகும். மழை வலுத்த பிறகு அது கழுவப்பட்டு, டயருக்குப் பிடி ஓரளவு திரும்பக் கிடைக்கும். தூறல்தானே என்று முதலில் வேகமாகப் போய், மழை வலுத்ததும் பயந்து நிற்பவர்கள் பலர். வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டால் நல்லது. இடி மின்னல், சாலையைக் கடந்து ஓடும் வெள்ளம், இருபது முப்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி ஆகிய மூன்றிலும் யோசிக்காமல் சாலையை விட்டு விலகிவிடுங்கள். விலகுவது என்றால் முழுமையாக விலகுவது. மூடுபனியில் சாலையோரத்தில் விளக்கை எரியவிட்டு நிற்கும் வண்டியை, பின்னால் வரும் ஓட்டுநர் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்று நினைத்துப் பின்தொடர்ந்து வந்து மோதக்கூடும்.

தார்ச்சாலையைவிட வழுக்குபவை சாலையின் மேல் உள்ள மற்றப் பொருள்கள்தாம். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், பாலத்தின் உலோக இணைப்புகள், தண்டவாளங்கள் இவற்றின் மீது ஏறும்போது வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பிரேக்கும் கூடாது, முறுக்கலும் கூடாது. தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஓராண்டாக மலைப்பாதைகளில் பயணம் செய்து வருகிறேன். உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டும், மழையில் ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. பெண்களுக்கு மட்டும் இப்படி ஆகிறதா? குளிரைத் தாங்கப் பழகிக்கொள்ள முடியுமா?

பதில்: சகோதரிக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இதை மனத்திடத்தின் குறைவு என்று எண்ணிப் பழகிக்கொள்ள முயலாதீர்கள். இது யாருக்கும் நேர்வது. கையின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கி உள்ளுறுப்புகளுக்கு வெப்பத்தைச் சேமிப்பது உடலின் இயல்பான தற்காப்பு. விரல் மரத்துப்போவது அந்தத் தற்காப்பு தொடங்கிவிட்டதற்கான அறிவிப்பு.

ஓட்டுபவரின் உடல் உணரும் குளிர், வெப்பமானி காட்டும் குளிர் அன்று. காற்றின் வேகத்தையும் சேர்த்துக் குளிரைக் கணிக்க அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி 10 டிகிரி செல்சியஸ் காற்றில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, மூடாத தோல் 4 டிகிரிக்கு இணையான குளிரை உணர்கிறது. காற்று 5 டிகிரி என்றால் உணர்வது பூஜ்யத்துக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 3. இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த துணி உடலோடு ஒட்டிக்கொண்டால் நிலைமை இதைவிட மோசம். மலையேறும்போது ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் இதமாக இருந்த 18 டிகிரி, 1,500 மீட்டர் உயரத்தில் எட்டு டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும்.

ஆகவே இரண்டு ஸ்வெட்டரைவிட ஒரு ஸ்வெட்டரும், அதன் மேல் காற்றும் நீரும் புகாத ஓர் உறையும் அதிக வெப்பம் தரும். தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், அது வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உலராது. கம்பளியோ, வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழையோ போதும். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணிக் குழலை அணிந்துகொள்ளுங்கள். காலரின் வழியே இறங்கும் ஒரே ஓடை நீர் நெஞ்சு முழுவதையும் நனைத்துவிடும். ரெயின்கோட்டை மழை தொடங்கிய பிறகு அணியாதீர்கள், எதிரே மேகம் கறுத்ததும் அணிந்துவிடுங்கள். நனைந்த ஜாக்கெட்டின் மேல் போட்ட ரெயின்கோட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும் வேலையைத்தான் செய்யும்.

கையுறையைச் சட்டைக் கைக்குள் விடுவதா, மேலே விடுவதா என்று ஓட்டுபவர்களிடையே முடிவில்லாத வாதம் உண்டு. உங்கள் கை எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஹேண்டில்பார் தாழ்வாக, முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கிக் கை சரிந்திருந்தால், தோளில் விழும் நீர் மணிக்கட்டுக்கு ஓடிவரும். அப்போது கையுறை உள்ளேயும் ஜாக்கெட்டின் கை வெளியேயும் இருந்து, பட்டை இறுகக் கட்டியிருக்க வேண்டும். ஹேண்டில்பார் உயரமாக இருந்து, மணிக்கட்டு முழங்கையைவிட மேலே இருந்தால் நீர் எதிர்த்திசையில் ஓடும், கையுறையை வெளியே விடுங்கள். முடிந்தால் ஹேண்டில்பாரில் காற்றுத்தடுப்புகளைப் பொருத்துங்கள். விரல்களுக்கு அதைப்போல் உதவும் பொருள் வேறில்லை. உலர்ந்த கையுறை ஒரு ஜோடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, உடனே எடுக்கும்படி இருக்கட்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான்கு மணி நேரம் மழையில் ஓட்டி, இரவு தங்குமிடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினேன். சாவியைத் திருக முடியவில்லை. விரல்கள் சாவியைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பிடித்திருக்கும் உணர்வு இல்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே சாவியை வைத்து அழுத்தித் திருப்பினேன். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை அவிழ்க்க அங்கிருந்த காவலாளிதான் உதவினார். அவர் ஏதோ கேட்டார், நான் சொன்ன பதில் எனக்கே குழறலாகக் கேட்டது. சாவியைத் திருக முடியாத அந்த விரல்களால்தான் அதற்கு முந்தைய 40 கி.மீ. தூரம் பிரேக் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அறைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதைத் தாழ்வெப்ப நிலை என்கிறார்கள். நடுக்கம், விரல் தடுமாற்றம், பேச்சுக் குழறல், கியர் மாற்ற மறப்பது, வழிகாட்டிப் பலகையைப் படித்தும் புரியாமல் கடந்துவிடுவது ஆகியவை அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு உடல் சூடாகாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுதல் அன்று, பெரிய ஆபத்து. உடனே மருத்துவ உதவி வேண்டும். மற்ற நிலைகளில் நனைந்த உடையை முழுவதும் மாற்றி, உடலின் நடுப்பகுதியை முதலில் போர்த்தி, சூடாக எதையாவது குடிக்கக் கொடுங்கள். மது கொடுக்கவே கூடாது. தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, இருக்கும் வெப்பத்தையும் அது வெளியேற்றிவிடும். உங்கள் விஷயத்தில் நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட முடியவில்லையென்றால் அந்த இடத்தோடு ஓட்டம் நிற்க வேண்டும். வெப்பமான அறையில் இருந்தும் விரல்கள் வெளுத்து மரத்துப்போகுமானால் மருத்துவரைப் பாருங்கள், அது வேறு சிக்கலாக இருக்கக்கூடும்.

கேள்வி: மழைக்காலத்தில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் பிடி அதிகமாகும் என்கிறார்களே, சரியா?

பதில்: மணலிலும் சேற்றிலும் மெதுவாகப் போக அது சரி. தார்ச்சாலையில் தவறு. காற்று குறைந்த டயர் நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுவதற்குப் பதிலாக, குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறியைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம், நெடும்பயணத்துக்கு முன் 2 மி.மீ. ஆழம்கூட இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை தேயாமலே வயதாகி இறுகிப்போன ரப்பர் ஈரத்தில் கைவிட்டுவிடும்.

கேள்வி: நீளமான பாலங்களில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும்போது உடல் இறுகிவிடுகிறது. லாரிகளை முந்தும்போது இன்னும் பயம். என்ன செய்வது?

பதில்: உடல் இறுகுவதுதான் பாதிச் சிக்கல். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால், காற்று உங்கள் தோளில் கொடுக்கும் ஒவ்வொரு தள்ளலும் கை வழியாக முன் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. முழங்கால்களால் டேங்கை அணைத்துப் பிடித்து, முழங்கைகளைத் தளர்த்தி, சற்றுக் குனிந்துகொள்ளுங்கள். காற்று வரும் பக்கமாக வண்டி தானே கொஞ்சம் சாய்ந்தபடி ஓடும். அது இயல்பானது, நிமிர்த்தப் போராட வேண்டாம். காற்று வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதால், நேற்று சமாளித்தோமே என்ற நம்பிக்கையில் இன்று புறப்படக்கூடாது.

லாரியின் மறைவில் காற்று நின்றுவிடும், நீங்களோ காற்றுக்கு எதிராகச் சாய்ந்தபடியே இருப்பீர்கள். அதனால் வண்டி லாரியை நோக்கி இழுக்கப்படும். லாரியின் முகப்பைத் தாண்டியதும் காற்று மீண்டும் அறையும். இந்த இரண்டு கணங்களும் வரப்போகின்றன என்று எதிர்பார்த்திருந்தாலே பயம் பாதி குறையும். நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் இல்லாதபோது முந்தாதீர்கள். பின்னால் உயரமாகக் கட்டிய பெட்டி பாய்மரம் போலக் காற்றை வாங்கும். கனமான பொருள்கள் தாழ்வாக, டேங்குக்கு அருகே இருக்கட்டும்.

கேள்வி: என் மகன் புது பைக்கில் ஏபிஎஸ் இருக்கிறது, மழையில் ஒன்றும் ஆகாது என்கிறான். ஒரு தகப்பனாக நான் நம்பலாமா?

பதில்: ஐயா, பாதி நம்பலாம். மோட்டார் சைக்கிளில் இந்த வசதி 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் வந்ததிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. பதறிப்போய்ப் பிரேக்கை முழுவதும் அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, வண்டி நேராக நிற்கும். ஆனால் அது ஈரச் சாலையில் இல்லாத பிடியை உண்டாக்கித் தராது. நிற்கும் தூரம் ஈரத்தில் நீளத்தான் செய்யும். வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால், சாய்கோணத்தை அளந்து செயல்படும் உயர்வகை ஏபிஎஸ் தவிர, சாதாரண ஏபிஎஸ் வழுக்கலை முழுமையாகத் தடுக்காது. தளர்ந்த சரளைக்கல்லிலும் அதன் உதவி குறைவு. மகனிடம் வாதாட வேண்டாம். ஆளில்லாத வெற்றிடத்தில், மழை நின்ற ஈரத் தரையில், 30 கி.மீ. வேகத்திலிருந்து நேராக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு 40-இலிருந்து. எங்கே நிற்கிறது என்பதை ஒரு கல் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அவரே நடந்து பார்க்கட்டும்.

கேள்வி: சாலையில் தேங்கிய நீரில் இறங்கி எஞ்சின் நின்றுவிட்டது. பலமுறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன், பிறகு பெரிய செலவாகிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: ஸ்டார்ட் செய்து பார்த்ததில்தான். காற்று இழுக்கும் வழியாக நீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முயன்று கனெக்டிங் ராடு வளைந்துவிடும், காற்றைப் போல நீர் சுருங்காது. நீரில் நின்றுபோன வண்டியைத் தள்ளி வெளியே எடுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

தேங்கிய நீரில் சக்கரத்தின் அச்சு மட்டத்துக்கு மேல் ஆழம் இருந்தால் திரும்பிவிடுங்கள். முதல் கியரில், ஒரே சீரான வேகத்தில், இடையில் நிறுத்தாமல் கடக்க வேண்டும். கரையேறியதும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துங்கள். டிரம் பிரேக் உள்ள வண்டிகளுக்கு இது மிக அவசியம். ஓடும் நீர் என்றால் ஆழக் கணக்கே வேண்டாம். வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் நிற்கும் மனிதரை வீழ்த்தும், 30 செ.மீ. நீர் ஒரு சிறிய காரை நகர்த்திவிடும்.

கேள்வி: ரப்பர் டயர் இருப்பதால் பைக்கில் போகிறவரை மின்னல் தாக்காது என்பது உண்மையா?

பதில்: உண்மையில்லை. வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் துளைத்து வரும் மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் தடையாகாது. காருக்குள் இருப்பவரைக் காப்பது அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடு, பைக்கில் அது இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கி.மீ. என்று எண்ணுங்கள். 30 வினாடிக்குள் இடி கேட்டால் உறுதியான கட்டடத்துக்குள் போய்விட்டு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். தனி மரத்தடி ஒதுங்கும் இடமன்று.

கேள்வி: மழையில் ஹெல்மெட் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து, எதுவும் தெரிவதில்லை.

பதில்: மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. பின்லாக் எனப்படும் உள்தகட்டைப் பொருத்தினால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உலர்ந்த காற்று அடைபட்டு, ஆவி படியாது. அது இல்லாதவர்கள் மூக்குக்குக் கீழே மூச்சைத் திருப்பிவிடும் துணித்தடுப்பை வைத்து, கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்து ஓட்டலாம். வெளியே நிற்கும் துளிகளுக்கு, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் தலையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் காற்றே அவற்றைத் துடைத்துவிடும். கறுப்புக் கண்ணாடியை மழை நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறார்கள். கடும் வெயிலில் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஓட்டலாமா?

பதில்: நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. நம் தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியது. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வீசும் காற்று உடலைக் குளிர்விப்பதை விட்டுவிட்டுச் சூடேற்றத் தொடங்குகிறது. அப்போது வியர்வை உலர்வது ஒன்றே குளிர்ச்சிக்கு வழி. 40 டிகிரியில் ஜாக்கெட்டை விரியத் திறந்தால் வியர்வை பயன்படும் முன்பே பறந்துவிடும், நீரிழப்பு உங்களுக்குத் தெரியாமலே கூடும். உள்சட்டையை நனைத்து அணிந்து, ஜாக்கெட்டை மூடி, சிறு திறப்பு மட்டும் விட்டு ஓட்டுங்கள். தாகம் வரும்வரை காத்திராமல், மணிக்கொரு முறை நின்று குடியுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் அன்றைய ஓட்டம் போதும்.

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து போகிறோம். நான் நிற்கலாம் என்றால் மற்றவர்கள் கேலி செய்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: புறப்படும் முன்பே, எல்லோரும் உலர்ந்தும் வயிறு நிறைந்தும் இருக்கும்போது ஒரு விதியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: யார் இடக்கையை உயர்த்தினாலும், காரணம் கேட்காமல் அடுத்த பாதுகாப்பான இடத்தில் அனைவரும் நிற்க வேண்டும். குளிர்ந்து களைத்த ஆள் தன் நிலையைத் தானே சரியாக எடைபோட முடியாது என்பதால், பின்னால் வருபவர் முன்னால் போகிறவரைக் கவனிப்பதும் அந்த விதியில் அடங்கட்டும். மழையில் அனுபவம் குறைந்தவரை இரண்டாவதாக ஓட்டவிட்டு, அவருடைய வேகத்தையே குழுவின் வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளுக்கு இடையே நான்கு வினாடி இடைவெளி இருக்க வேண்டும்.

கேள்வி: மழையில் ஓட்டி முடித்த இரவு வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: செயின் கழுவப்பட்டு வெறுமையாகியிருக்கும். துணியால் ஈரத்தைத் துடைத்து, வண்டி சூடு ஆறுவதற்குள் செயின் எண்ணெய் விட்டுவிட்டால், இரவு முழுவதும் கண்ணிகளுக்குள் இறங்கும். டிஸ்க்கில் எண்ணெய் தெறிக்காதபடி பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்குகளை ஒரு முறை எரியவிட்டுப் பாருங்கள். பிறகு பூட்ஸிலும் கையுறையிலும் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்றிவிட்டுப் படுத்தால், காலையில் கால் நுழைக்க முடிகிற அளவுக்காவது உலர்ந்திருக்கும்.